தேர்வில் வராத பாடத்துக்கு வாத்தியார்

வந்த கேள்வி இது: "சீனாவில் ஆங்கில ஆசிரியராகப் போனால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? சம்பளமும் வேலை நேரமும் விளம்பரத்திலேயே இருக்கின்றன. ஒரு நாள் எப்படிப் போகும் என்றுதான் யாரும் சொல்வதில்லை. அப்புறம், நம்மைப் போன்றவர்களை எடுத்துக்கொள்வார்களா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பலருக்கு விஷயம் அதோடு முடிந்துவிடும். இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ வைத்துக்கொண்டு சீனாவில் சட்டப்படி ஆங்கில ஆசிரியர் ஆவது மிகவும் கடினம். மொழி ஆசிரியராக வருகிறவர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நீங்கள் எல்.கே.ஜி முதல் கான்வென்ட்டில் படித்தவராக இருந்தாலும் அது கணக்கில் வராது. நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழில் ஒன்றின் குடியுரிமை வேண்டும். ஒரு பட்டமும், இரண்டு வருட அனுபவமோ ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழோ வேண்டும். நம்மவர்கள் சர்வதேசப் பள்ளிகளுக்குக் கணிதம், இயற்பியல் ஆசிரியர்களாகப் போகிறார்கள். அது வேறு வழி, நல்ல வழியும்கூட. "மாணவர் விசாவில் வந்துவிடுங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், மோசமான கேஸ் என்றால் 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. பிடிபடுவது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை.

நான் மதுரைக்காரன், இப்போது கனடா பாஸ்போர்ட். 2013 முதல் 2019 வரை ஹுனான் மாகாணத்தின் தலைநகரான சாங்ஷாவில் இருந்தேன். முதல் இரண்டு ஆண்டு ஒரு மேல்நிலைப் பள்ளி, அடுத்த நான்கு ஆண்டு ஒரு தொடக்கப் பள்ளி, இரண்டும் அரசுப் பள்ளிகள். ஆகவே நான் சொல்வது அரசுப் பள்ளி வாத்தியாரின் நாள். ஷாங்ஹாயில் சர்வதேசப் பள்ளியில் இருப்பவர் வேறு கதை சொல்வார்.

அங்கே நமக்குப் பெயர் 'வாய்ஜியாவ்', அதாவது வெளிநாட்டு ஆசிரியர். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. சீனப் பள்ளியில் எல்லாமே ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் 'காவ்காவ்' என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை நோக்கித்தான் ஓடுகிறது. ஹுனானில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. இலக்கணம், வாசிப்பு, கட்டுரை, கேட்டு விடை எழுதுவது என்று அந்த 150-ஐப் பிரித்துக்கொள்வார்கள். பேச்சுக்கு அதில் இடமில்லை. தேர்வுக்கு வேண்டியதை உள்ளூர் ஆங்கில ஆசிரியர்கள் நடத்துகிறார்கள், பிரமாதமாகவே நடத்துகிறார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு விட்டுவைப்பது பேச்சுப் பயிற்சி. ஆக நீங்கள் எடுப்பது தேர்வில் வராத பாடம். உங்கள் நாளில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இதுவே காரணம்.

மேல்நிலைப் பள்ளியில் அது கெட்டதாகத்தான் தெரிந்தது. காலை ஆறரைக்கு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இரவு பத்து மணிக்குத்தான் விடுதிக்குப் போவார்கள். என் வகுப்பு அவர்களுக்கு ஓய்வு நேரம். ஆங்கிலப் புத்தகத்துக்கு அடியில் கணக்கு நோட்டு இருக்கும். முதலில் பிடுங்கி வைத்தேன். ஒருநாள் ஒரு பையன் இரண்டு கைகளாலும் நோட்டை வாங்கிக்கொண்டு, தலை குனிந்து, "சார், உங்கள் வகுப்பு எனக்குப் பிடிக்கும், ஆனால் நேரம் இல்லை" என்றான். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத ஆங்கிலம். அதற்குப் பிறகு நான் பிடுங்கவில்லை.

தேர்வு நெருங்கினால் உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்வார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். பாடம் தயாரித்துக்கொண்டு போனால் வகுப்பில் இயற்பியல் வாத்தியார் நின்றுகொண்டிருப்பார். அவர் சிரிப்பார், நீங்களும் சிரித்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

சரி, ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். தொடக்கப் பள்ளிக் காலம், சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

பள்ளி வளாகத்திலேயே வீடு. ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மெத்தை பலகை மாதிரி இருக்கும். உடன் வந்த கனடாக்காரர் அதற்கு அழுதார். பாயில் படுத்து வளர்ந்தவனுக்கு அது சுகம். ஆறரைக்குக் கீழே இறங்கினால் தெருமுனையில் மீஃபென் கடை. சாங்ஷாவில் காலை உணவு என்றால் மீஃபென்தான். அரிசி மாவில் செய்த நாடா நாடாவான இழை, கொதிக்கும் எலும்புச் சாறு, மேலே வதக்கிய பன்றி இறைச்சி. ஊறுகாய்ப் பயற்றங்காயும் மிளகாயும் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இடியாப்பம் தெரிந்த நாக்குக்கு அறிமுகம் தேவையே இல்லை. ஹுனான்காரர்கள் காரத்தில் ஆந்திராவோடு போட்டி போடுவார்கள், அந்த விஷயத்தில் ஊர் என்னைக் கைவிடவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: 'காய்கறி' என்று கேட்டு வாங்கிய தட்டில் கொத்துக்கறி இருக்கும். "இறைச்சியா? கொஞ்சம்தானே" என்பார்கள். புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள்தான் நம்பகமானவை.

நான் போன புதிதில் அந்த மீஃபென் கடை அம்மாவிடம் சில்லறை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். 2017 வாக்கில் சுவரில் கியூஆர் குறியீடு ஒட்டியாகிவிட்டது. வீசாட் (அவர்களுடைய வாட்ஸ்அப், பணமும் அதிலேயே கொடுக்கலாம்), இல்லையென்றால் அலிபே என்ற பணச் செயலி. நூறு யுவான் நோட்டை நீட்டினால் அக்கம்பக்கத்துக் கடையில் சில்லறை தேட ஓடினார். 2023 முதல் வெளிநாட்டு வங்கி அட்டையையும் இந்தச் செயலிகளில் இணைக்க முடிகிறது, முதல் மாதப் பாடு குறைந்திருக்கும்.

திங்கட்கிழமை என்றால் கொடியேற்றம் உண்டு, செவ்வாய்க்கு நேரே முதல் பாடவேளை. நாற்பது நிமிடம், ஐம்பது பிள்ளைகள், எல்லோர் கழுத்திலும் சிவப்புத் துணி. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம். "ஹவ் ஆர் யூ?" என்றால் ஐம்பது தொண்டையும் ஒரே குரலில் "ஐ'ம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" இது ஒரு தலைமுறைக்கே பாடப்புத்தகம் ஊட்டிய பதில். இதை வைத்து அவர்களே சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. வெளிநாட்டில் பள்ளத்தில் விழுந்து கிடந்த சீனரிடம் மீட்க வந்தவர் "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டாராம். அவர் மனப்பாடமாகப் பதில் சொல்ல, வந்தவர் சரி என்று போய்விட்டாராம்.

வாரத்துக்குப் பதினெட்டு பாடவேளை. ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரு தடவைதான் போக முடியும். கணக்குப் போட்டால் தொள்ளாயிரம் பிள்ளைகள். பெயர் நினைவில் நிற்குமா? அதனால் எல்லோருக்கும் ஆங்கிலப் பெயர். முன்பே யாராவது வைத்திருப்பார்கள், இல்லையென்றால் அவர்களே வைத்துக்கொள்வார்கள். ஒரு வகுப்பில் மூன்று ஆப்பிள், ஒரு செவன், ஒரு டிராகன். எனக்கும் அவர்கள் பெயர் வைத்தார்கள். 'மாறன்' வாயில் நுழையவில்லை, முதல் எழுத்தை மட்டும் எடுத்து 'மா லாவ்ஷி' ஆக்கினார்கள். 'மா' அங்கே பரவலான குடும்பப் பெயர், குதிரை என்று பொருள். ஆறு ஆண்டும் நான் குதிரை வாத்தியார்.

சாங்ஷாப் பேச்சில் 'ந' ஒலியும் 'ல' ஒலியும் கலந்துவிடும். ஹுனானையே ஊர்ப் பெரியவர்கள் 'ஃபுலான்' என்பார்கள். அதே நாக்கோடு ஆங்கிலம் பேசினால் நைஃப் லைஃப் ஆகும், மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது வரிசையாக "குட் லைட், மா லாவ்ஷி!" என்று கையசைப்பார்கள். இதைத் திருத்த ஒரு வருடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்கைப் பிடித்தால் 'ந' வராது, 'ல' வரும். பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. உச்சரிப்பு திருந்தியதா என்றால், மூக்கைப் பிடித்தால் மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

இன்னொன்று ஹீ, ஷீ குழப்பம். சீனப் பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் வேறுவேறு, காதுக்கு ஒன்று. நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி, கூடுதல் கூச்சக்காரி, எழுந்து தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள்: "மை ஃபாதர் இஸ் இன் ஷென்ஜென். ஷீ மேக்ஸ் போன்ஸ்." நான் உடனே "ஹீ" என்றேன். அவள் "ஹீ மேக்ஸ் போன்ஸ்" என்று திருத்திச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அப்பா எப்போது வருவார் என்று கேட்டிருக்கலாம் என்பது மாடி ஏறும்போதுதான் உறைத்தது. ஹுனானிலிருந்து குவாங்தொங் தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு. அந்த வகுப்பில் அப்படி எத்தனை பேர் என்று அவர்களின் 'பான்ஜூரென்'னுக்கு, அதாவது வகுப்பாசிரியைக்கு, விரல்நுனியில் தெரியும். பல் வலி முதல் பெற்றோர் சண்டை வரை எல்லாம் அவர் தலையில்தான் விழும். வாய்ஜியாவ் அவரைவிடக் குறைவாக உழைத்து அதிகம் சம்பாதிக்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும். இதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களாகத் தெரிந்து நடந்துகொண்டால் நல்லது.

பத்து மணி வாக்கில் பெரிய இடைவேளை. ஒலிபெருக்கியில் இசை, மொத்தப் பள்ளியும் மைதானத்தில் வரிசை கட்டி உடற்பயிற்சி செய்யும். அதற்கு முன்போ பின்போ ஐந்து நிமிடம் கண் பயிற்சி. கண்ணை மூடி, புருவ ஓரம், மூக்கின் இரு பக்கம் என்று விரலால் அழுத்துவார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொண்டே இருக்கும். பார்வை கெடாமல் இருக்க இந்தப் பழக்கம். வகுப்பில் பாதிப் பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மதியம் எவர்சில்வர் தட்டில் சோறு, தக்காளி முட்டைப் பொரியல், ஒரு கீரை, ஒரு கறி. பிறகு தூக்கம். இதற்காகவே அந்த நாட்டை எனக்குப் பிடிக்கும். இரண்டு மணி வரை பள்ளி மொத்தமும் மேசையில் தலை வைத்துத் தூங்கும். ஆசிரியர் அறையில் மடக்குக் கட்டில்கள் விரியும், விளக்கு அணையும், துணை முதல்வர் குறட்டை விடுவார். எதிர்ப்படுகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கூட இருந்த கனடாக்காரர் முதல் மாதம் அதை அழைப்பு என்று நினைத்து "இன்னும் இல்லை" என்று நின்றுகொண்டிருந்தார். நமக்கு அந்த வம்பு இல்லை.

வெந்நீரும் அப்படித்தான். தாழ்வாரத்தில் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும், எல்லோர் கையிலும் பிளாஸ்க். தலைவலி, ஜலதோஷம், காதல் தோல்வி எதுவானாலும் "வெந்நீர் குடி" என்பார்கள். வெந்நீருக்கு அவர்கள் சொல்வது 'ழெ ஷுவேய்'. ஆமாம், கிட்டத்தட்ட நம் ழகரமேதான். மற்ற வெளிநாட்டவர் வருடக்கணக்கில் தடுமாறும் ஒலி நமக்கு முதல் நாளே வந்துவிடும். அந்தக் கர்வம் எனக்கு மூன்று வாரம் நீடித்தது. வயிற்று வலியோடு மருந்துக்கடைக்குப் போனேன். வயிறுக்கு 'தூட்ஸ', முயலுக்கும் 'தூட்ஸ'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், பிரச்சினையே அங்கேதான். முயல் என்றால் 'த' ஒலியோடு மூச்சை ஊத வேண்டும், வயிறு என்றால் ஊதக் கூடாது. மூச்சொலியைப் பிரித்துப் பழகாத நான் முயலைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைப் பெண் நல்லவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை கொடுத்தார். கூடவே சொன்னது, ழெ ஷுவேய்.

மாலை நாலரைக்கு வேலை முடியும், வீசாட் முடியாது. பள்ளி, வகுப்பு, வெளிநாட்டு ஆசிரியர்கள், விசா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. இரவு பத்தரைக்குச் செய்தி வரும்: "நாளை இரண்டாவது பாடவேளை ஐந்தாவதுக்கு மாற்றம்." உடனே அறுபது பேரும் வரிசையாக 'ஷோவ்தாவ்', 'ஷோவ்தாவ்' என்று போடுவார்கள். 'கிடைத்தது' என்று அர்த்தம். நீங்களும் போட வேண்டும். போடாவிட்டால் பதினொரு மணிக்குப் போன் வரும்.

விடுமுறையிலும் இதே கதை. அக்டோபர் 1 தேசிய தினத்துக்கு ஒரு வாரம் விடுமுறை என்று சந்தோஷப்படுவோம். அதற்கு ஈடாக முன்னாலோ பின்னாலோ ஒரு ஞாயிறு வேலை நாளாக வரும், அன்றைக்கு வியாழக்கிழமை கால அட்டவணை! இதற்கு 'தியாவ்ஷியூ' என்று பெயர். சீனர்களே அதைத் திட்டுவார்கள்.

காட்சிப்பொருளாக நிற்பதும் வேலையில் சேர்த்திதான். வாய்ஜியாவ் இருக்கிறார் என்பது பள்ளிக்கு ஒரு கௌரவம். மேலதிகாரிகள் வந்தால் 'திறந்த வகுப்பு' வைப்பார்கள். அதே பாடத்தை வேறு வகுப்புகளில் நாலு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, ஐந்தாவது தடவை புதிதாக நடத்துவது போல நடத்த வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை கை தூக்கும் என்பதுவரை முடிவாகியிருக்கும். எனக்கு இதில் ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு ஆண்டுவிழா நாடகம் என்று எடுத்துக்கொண்டேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நம்மவர்கள் கேட்கத் தயங்குவது அதுதான். கனடா பாஸ்போர்ட் இருந்தும் எனக்கு நான்கு இடங்களில் வேலை கை நழுவியது, நான்கும் புகைப்படம் அனுப்பிய பிறகு. பெற்றோர் எதிர்பார்க்கும் முகம் வெள்ளை முகம். ஆங்கிலமே தட்டுத்தடுமாறிப் பேசும் கிழக்கு ஐரோப்பியருக்குத் தனியார் பயிற்சி நிலையத்தில் வேலை கிடைத்ததை என் கண்ணால் பார்த்தேன். நேருக்கு நேர் வெறுப்பைச் சந்தித்தேனா என்றால், இல்லை. டாக்ஸி ஓட்டுநர் "எந்த நாடு?" என்பார். கனடா என்றால் கண்ணாடியில் பார்ப்பார். "பிறந்தது இந்தியா" என்றதும் முகம் மலர்ந்து "ஆமிர் கான்!" என்பார். 2017-இல் அவருடைய மல்யுத்தப் படம் அங்கே சக்கைப்போடு போட்டது. அந்த வருடம் முழுக்க ஆமிர் கான் புண்ணியத்தில் எனக்கு மரியாதை.

குளிரை விட்டுவிட்டேனே. சின்லிங் மலை, ஹுவாய் ஆறு என்று ஒரு கோடு உண்டு. அதற்கு வடக்கே நவம்பர் நடுவில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரை அரசே குழாயில் சூட்டை அனுப்பிவிடும். சாங்ஷா கோட்டுக்குத் தெற்கே, ஆகவே ஒன்றும் கிடையாது. ஜனவரியில் ஐந்து டிகிரி, ஈரக் காற்று, காற்றோட்டத்துக்காக ஜன்னலையும் திறந்து வைப்பார்கள். பிள்ளைகள் பஞ்சுக் கோட்டோடு எழுதுவார்கள், நான் கையுறையோடு சாக்பீஸ் பிடிப்பேன். கனடாவில்கூட நான் வீட்டுக்குள் இப்படி நடுங்கியதில்லை. மாலையில் பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிடுவார். மேசைக்கு அடியில் மின்கணப்பு, மேலே போர்வை, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கால்களை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். என் சீன மொழி வளர்ந்தது அந்தப் போர்வைக்குள்தான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறங்கிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முகவரிப் பதிவு, வீடு மாறினால் மறுபடியும். 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பம், அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. பட்டத்தையும் போலீஸ் சான்றையும் நான் மூன்று அலுவலகம் ஏறி இறங்கி முத்திரை வாங்கினேன். 2023 நவம்பரில் சீனா அப்போஸ்டில் என்ற ஆவணச் சான்று ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 2024 ஜனவரியில் கனடாவும் சேர்ந்தது, ஆகவே இப்போது ஒரே முத்திரை. வேலை மாறும்போது பழைய பள்ளியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். அது இல்லாமல் புதிய அனுமதி இழுபறிதான். என் முதல் பள்ளி, பெயர் வேண்டாம், கடைசி மாதச் சம்பளத் தகராறில் இதை ஏழு வாரம் பிடித்து வைத்தது. சம்பளத்தை விட்டுக்கொடுத்தேன், மறுநாளே கடிதம் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே கடிதத்துக்கு ஒரு கெடு எழுதி வாங்குங்கள்.

சம்பளம்: அந்தக் காலத்தில் எனக்கு முதலில் 6,000 யுவானும் பிறகு 9,000 யுவானும் கிடைத்தன, வீடு இலவசம். பயிற்சி நிலையங்களில் இதைவிட நிறையக் கொடுத்தார்கள், பதிலுக்கு மாலை நேரங்களும் சனி ஞாயிறும் அவர்களுக்குச் சொந்தம். 2021 ஜூலையில் வந்த 'இரட்டைக் குறைப்பு' உத்தரவு அந்தத் தொழிலின் முதுகை ஒடித்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு வரையிலான பாடங்களுக்கு லாபத்துக்காக டியூஷன் நடத்தத் தடை, வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இணையம் வழியே சீனப் பிள்ளைகளுக்கு நடத்துவதற்கும் தடை. யூ மின்ஹோங் 1993-இல் தொடங்கிய நியூ ஓரியன்டல்தான் பயிற்சி நிறுவனங்களில் பெரிய தலை. அதன் ஆசிரியர்கள் பிறகு நேரலையில் அரிசியும் மாட்டிறைச்சியும் விற்றுக்கொண்டே வெள்ளைப் பலகையில் ஆங்கிலச் சொல் கற்றுக்கொடுத்தார்கள், கூட்டம் அலைமோதியது. ஆக, இன்று பயிற்சி நிலைய வேலை என்று யாராவது கூப்பிட்டால் எந்த வயதுப் பிள்ளைகள், என்ன உரிமம் என்று முதலில் கேளுங்கள். நான் போவதாக இருந்தால் பல்கலைக்கழகம்தான் போவேன். சம்பளம் குறைவு, ஆனால் வாரத்துக்குப் பதினாறு பாடவேளைக்குள் முடிந்துவிடும், குளிர்கால விடுமுறையும் நீளம்.

கிளம்பும் முன் இணையத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் அங்கே திறக்காது, அங்கே போன பிறகு தேடினால் கிடைக்காது. வீட்டில் அம்மாவுக்கும் வீசாட் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் போட்டோ இருபது எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் செலவாகும். காலணி அளவு 44-க்கு மேல் என்றால் இரண்டு ஜோடி. பெருங்காயம் ஒரு டப்பா. துவரம்பருப்பு மட்டும் சுமக்க வேண்டாம், தவ்பாவ் என்ற இணையக் கடையில் கிடைக்கும், மூன்றாம் நாள் வாசலுக்கு வந்துவிடும்.